நீக்கப்பட்ட ஒரு சொல்

சர்க்கரை நோய் புகாத வீடு என்று ஒன்றை நம் ஊர்களில் இன்று தேடித்தான் காணவேண்டும். அதிகாலைத் தொழுகை முடிந்ததும் வெறும் வயிற்றோடு சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம். மாலையில் ஒரு தாள் கிடைக்கிறது. அதில் சர்க்கரையின் அளவு இருக்கும். சிலருக்குத் தைராய்டு சுரப்பின் அளவு இருக்கும். இன்னும் சிலருக்கு இன்சுலினின் அளவும் இருக்கும். எண்கள் கோட்டுக்கு உள்ளே நிற்கின்றனவா, வெளியே நிற்கின்றனவா என்று பார்ப்பதோடு நம்முடைய ஆராய்ச்சி முடிந்துவிடும். குருதியில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாத ஒரு பொருளை நிறுத்துச் சொல்லும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது, அதைக் கண்டெடுத்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டவனல்லன். கேட்க வைத்தவள் ஒரு பெண்.

என்னிடம் பல ஆண்டுகளுக்கு முன் ஸர்பும் நஹ்வும் ஓதிய மாணவர் ஒருவரின் மகள் அவள். உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்து வருகிறாள். நான்கு ஆண்டு உழைப்பை ஒரு கட்டுரையாக்கி, எளிதில் எவரையும் உள்ளே விடாத மேல்நாட்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். ஆறு மாதங்கள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. கூடவே மூன்று பக்கக் கண்டனமும் வந்தது. கண்டித்தவர்கள் இருவர். ‘முதல் மதிப்பீட்டாளர்’, ‘இரண்டாம் மதிப்பீட்டாளர்’ என்பதற்கு மேல் அவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை. ஆராய்ச்சியையே விட்டுவிடுகிறேன் என்று அவள் பிடிவாதமாய் இருக்க, தந்தை அவளை என்னிடம் அழைத்து வந்தார்.

“ஹஜ்ரத், பெயரைச் சொல்லக்கூடத் துணியாதவர்கள் என் உழைப்பைத் தள்ளிவிடலாம் என்றால், அது என்ன நீதி?” என்று கேட்டாள்.

என்னிடம் விடையில்லை. சில நாள் தவணை கேட்டேன். கல்லூரியில் பேராசிரியராய் இருக்கும் நண்பர் ஒருவரின் துணையோடு நூல்களைத் தேடிப் படித்தேன். படித்ததில் என் மனத்தில் தங்கிவிட்ட ஒரு வரலாற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், நம்மவர் சிலர் பெருமையோடு எடுத்துரைக்கும் ஒரு செய்தியைச் சீர்தூக்கிப் பார்த்துவிடுவோம். அறிஞர் எழுதியதை அறிஞர் ஆய்ந்து தீர்ப்பளிக்கும் முறையை உலகிற்கு முதன்முதலில் தந்தவர் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இம்மருத்துவர் ‘அதபுத் தபீப்’ என்னும் நூலை எழுதினார் என்பது உண்மை. அந்நூலின் கையெழுத்துப் படி துருக்கியிலுள்ள எதிர்னே நகரத்து நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தது. 1967-இல் மார்ட்டின் லெவி என்பவர் அதனை ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டார். மருத்துவர் நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம் நோயின் நிலையையும் தாம் செய்த சிகிச்சையையும் எழுதி வைக்கவேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அக்குறிப்புகளை மற்ற மருத்துவர்கள் ஆராய்ந்து, சிகிச்சை முறையாகச் செய்யப்பட்டதா எனத் தீர்ப்புக் கூறவேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. உயர்ந்த விதிதான். ஆனால் இது ஒரு நோயாளியின் உயிருக்குக் கணக்குக் கேட்கும் விசாரணையே தவிர, ஒரு கட்டுரையை வெளியிடலாமா கூடாதா என்று பார்க்கும் ஆய்வு அன்று. ஆசிரியரின் சமயம் எது என்பதிலேகூட ஆய்வாளர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வதால் இருக்கும் பெருமையும் ஐயத்திற்குள்ளாகிறது என்பதனால் இதனை இங்கே குறிக்கலானேன்.

ஆய்விதழ் என்று நாம் இன்று அழைப்பதன் பிறப்பிடம் லண்டன் மாநகர். அங்குள்ள ராயல் சொசைட்டியின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க், 1665 மார்ச்சில் ‘ஃபிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அவர் ஜெர்மனியின் பிரேமன் நகரத்தவர். வந்த மடல்களில் எதை அச்சிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்தார். 1731-இல் எடின்பரோ நகரில் மருத்துவர் கூடிய ஒரு சங்கம் தன் கட்டுரைத் தொகுதியை வெளியிட்டபோது, வரும் எழுத்துகளை அந்தந்தத் துறையில் தேர்ந்தவர்களிடம் அனுப்பிக் கருத்துப் பெறுவதாகவும், பார்த்தவர் இன்னார் என்பது எழுதியவருக்குத் தெரிவிக்கப்படாது என்றும் முன்னுரையில் அறிவித்தது. அந்தப் பெண்ணை வருத்திய பெயரில்லா மதிப்பீட்டாளருக்கு வயது ஏறத்தாழ 300 என்று இதனால் அறிகிறோம்! எனினும் எல்லா இதழ்களும் இம்முறையை உடனே மேற்கொண்டுவிடவில்லை. நேச்சர் இதழ் 1973-இல்தான் இதனைக் கட்டாய விதியாக்கியது. லான்செட் 1976-இல் முறைப்படி மேற்கொண்டது. அதுவரை ஆசிரியரின் சொல்லே பெரும்பாலும் இறுதிச் சொல்லாயிருந்தது.

இதழ்கள் வளர வளர வாயில் குறுகிற்று. நேச்சர் போன்ற இதழ்களில் வருகின்றவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே இன்று அச்சேறுகின்றன. பெரும்பாலானவற்றை ஆசிரியர் குழுவே மதிப்பீட்டாளருக்கு அனுப்பாமல் திருப்பிவிடுகிறது. எஞ்சியவை இருவர் அல்லது மூவர் கைக்குச் சென்று, ஐயங்களோடு திரும்பி, திருத்தப்பட்டு, மீண்டும் சென்று வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சில வேளை காரணம் அறிவைப் பற்றியதாகவே இராது. 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ், நாம் உண்ணும் உணவு உயிரணுக்களுக்குள் ஆற்றலாக மாறும் சுழற்சியைக் கண்டறிந்து நேச்சருக்கு ஒரு மடல் அனுப்பினார். ஏழெட்டு வாரங்களுக்குப் போதுமான மடல்கள் கையிருப்பில் உள்ளன என்று மறுமொழி வந்தது. ஹாலந்து நாட்டு இதழ் ஒன்றில் அதை வெளியிட்டார். 1953-இல் நோபல் பரிசு பெற்றார். இடமில்லை என்று சொல்லித் திருப்பியது ஒருவகையில் பெரிய காயமன்று. உன் கருத்தே தவறு என்று சொல்லித் திருப்புவதுதான் காயம். அத்தகைய காயம் பட்டவர்களின் வரலாறே இனி வருவது.

ரோஸலின் யாலோ 1921-இல் நியூயார்க் நகரில், செல்வம் இல்லாத யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இயற்பியல் படித்தார். பெண்ணுக்கு, அதுவும் யூதப் பெண்ணுக்கு, மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. பேராசிரியர் ஒருவரிடம் செயலாளராகச் சேர்ந்தால் அவ்வழியே பல்கலைக்கழக வகுப்புகளுக்குள் நுழையலாம் என்று பிறர் சொல்ல, சுருக்கெழுத்துக் கற்கத் தொடங்கினார். அந்நேரம் போர் மூண்டிருந்தது. ஆண்கள் படைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. மடல் வந்தவுடன் சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்தெறிந்தாராம். அங்கே பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த 400 பேரில் அவர் ஒருவரே பெண். 1917-க்குப் பின் அங்கே அடியெடுத்து வைத்த முதற்பெண்ணும் அவரே. 1945-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்று உண்டு. கதிரியக்கப் பொருள்களை மருத்துவத்திற்குப் பயன்படுத்தும் பிரிவைத் தொடங்க 1947-இல் அவர் அங்கே சேர்ந்தார். துப்புரவுப் பணியாளர் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த ஓர் அறையே அவருடைய முதல் ஆய்வுக்கூடம். 1950-இல் சாலமன் பெர்சன் என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அவருக்கு உடலியல் தெரியும். இவருக்குக் கணக்கும் இயற்பியலும் தெரியும். ஆராய்ச்சி செய்யும் முறையை இருவருக்கும் தனியே கற்பித்தவர் எவருமில்லை. ஒருவர் மற்றவருக்கு உஸ்தாதாகவும் மாணவராகவும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார்கள்.

அவர்கள் தேடிச் சென்றது ஒன்று, கிடைத்தது வேறொன்று. நடுவயதில் வரும் சர்க்கரை நோய்க்குக் காரணம் இன்சுலின் சுரக்காமை அன்று, சுரந்த இன்சுலினைக் கல்லீரல் அளவுமீறி விரைவாய் அழித்துவிடுவதே என்று மிர்ஸ்கி என்னும் ஆய்வாளர் கருதினார். இதனைச் சோதித்துப் பார்க்க யாலோவும் பெர்சனும் விரும்பினர். இன்சுலினோடு கதிரியக்க அயோடினைச் சேர்த்து அடையாளமிட்டு, நோயாளிகளுக்கும் நோயில்லாதவர்களுக்கும் ஊசி வழியே செலுத்தி, அது குருதியிலிருந்து எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று அளந்தார்கள். நோயாளிகளின் உடலில் அது விரைந்து மறையவேண்டும் என்பது மிர்ஸ்கியின் கணிப்பு. நடந்தது நேர்மாறு. முன்பே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் குருதியில் அது மறையாமல் நீண்ட நேரம் தங்கி நின்றது. அக்காலத்தில் மனநோயாளிகளுக்கும் இன்சுலினை மிகுதியாய்ச் செலுத்தி மயக்கமூட்டும் சிகிச்சை ஒன்று இருந்தது. சர்க்கரை நோயே இல்லாத அவர்களுடைய குருதியிலும் அப்படியே நின்றது. ஆகவே நோய் காரணமன்று, ஊசியே காரணம்.

அன்று ஊசியில் வந்த இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. (இது நம் மக்களுக்கு எத்தனை மார்க்க வினாக்களை எழுப்பியது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள், இங்கே அதற்குள் புகவில்லை.) அயலிலிருந்து வந்த அப்பொருளை மனித உடல் பகையெனக் கண்டு, அதைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிட்டது, பிடிபட்ட இன்சுலின் ஓடி மறைய இயலாமல் குருதியிலேயே நிற்கிறது என்று இருவரும் முடிவு கட்டினர். ஈரக் காகிதத்தில் மின்னோட்டம் செலுத்திப் புரதங்களைத் தனித்தனியே பிரிக்கும் முறையினால், இன்சுலின் எந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செல்கிறது என்பதையும் காட்டினர்.

கட்டுரையை எழுதிச் சயன்ஸ் இதழுக்கு அனுப்பினார்கள். திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்து ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன்’ என்னும் இதழுக்கு அனுப்பினார்கள். 1924-இல் தொடங்கப்பெற்ற அது, மருத்துவ ஆராய்ச்சியில் முன்வரிசையில் நிற்கும் இதழ். 1955 செப்டம்பரில் அங்கிருந்து பெர்சனுக்கு மடல் வந்தது. எதிர்ப்பொருள்தான் என்ற முடிவைத் தவிர்க்கவே இயலாது என நீங்கள் உறுதிபடக் கூறியிருப்பதைத் துறை வல்லுநர்கள் அழுத்தமாக மறுக்கிறார்கள். இன்சுலின் எதிர்ப்பொருளைத் தூண்டவல்லது என்பதும் நிறுவப்படவில்லை. உங்கள் சான்றுகள் அப்படி இருக்கலாமோ என எண்ண வைக்கின்றனவே அன்றி, அதற்கு மேல் உரிமை கொண்டாட இடமில்லை. மடலின் சாரம் இதுதான்.

வல்லுநர்கள் ஏன் மறுத்தார்கள்? அவர்களை மூடர் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நியாயமன்று. இன்சுலின் மிகச் சிறிய புரதம், 51 அமினோ அமிலங்களால் ஆனது. இத்தனை சிறிய பொருளை உடல் பகையாகக் காணாது என்பது அன்று பாடப்புத்தகங்களில் ஏறிவிட்ட கொள்கை. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காண அன்றிருந்த வழி, குழாயில் இரண்டையும் கலந்து, வண்டல் படிகிறதா என்று பார்ப்பது. இங்கே வண்டல் படியவில்லை. அத்தனை குறைந்த அளவில் அது இருந்தது. படிந்ததைக் கண்ணால் காட்டினால்தான் நம்புவேன் என்பவனிடம், படியாததைக் கணக்கால் காட்டுகிறேன் என்று இவர்கள் நின்றார்கள். புதிய உரைகல்லை நம்புவதற்கு முன் அதனைச் சற்றுத் தட்டிப் பார்ப்பது தவறென்று எப்படிச் சொல்வது?

அடுத்து நடந்ததுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. சினந்து கட்டுரையைச் சுருட்டி வைக்கவுமில்லை, உண்மையை விட்டுக்கொடுக்கவுமில்லை. இதழாசிரியரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தலைப்பில் ‘இன்சுலின் எதிர்ப்பொருள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘இன்சுலினைப் பிணைக்கும் குளோபுலின்’ என்று எழுதினார்கள். குளோபுலின் என்பது குருதிப் புரதங்களில் ஒரு வகை. கட்டுரைக்குள்ளே, நுண்ணுயிரியலும் நோயெதிர்ப்பும் பற்றிய பெயர்பெற்ற பாடநூல் ஒன்றில் எதிர்ப்பொருளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வரையறையை எடுத்துக்கொண்டு, தாங்கள் கண்ட புரதம் அவ்வரையறைக்கு எப்படி எப்படிப் பொருந்துகிறது என்று எடுத்துக் காட்டினார்கள்.

மத்ரஸாவில் மன்திக் ஓதியவர்களுக்கு இது நன்கு விளங்கும். ஈஸாகோஜி ஓதத் தொடங்கிய மாணவனுக்கே, வரையறை என்பது ‘ஜாமிஉ’ ஆகவும் ‘மானிஉ’ ஆகவும் இருத்தல் வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். உரியவை அனைத்தையும் உள்ளே சேர்க்கவேண்டும், உரியதல்லாததை வெளியே நிறுத்தவேண்டும். வாதத்தில் எதிரி ஒரு பெயரை ஒப்ப மறுத்தால், பெயருக்காகச் சண்டையிடாதே. அவனே ஒப்புக்கொண்ட வரையறையை அவன் முன் வை. பொருள் அதற்குள் வந்துவிட்டால் பெயர் தானே வரும் என்று என் உஸ்தாத் சொல்வார். நியூயார்க் மருத்துவமனையின் ஒரு மூலையில், ஈஸாகோஜியின் பெயரையும் கேட்டறியாத இருவர் அதையே செய்தார்கள். ஐவர் பெயரில் அக்கட்டுரை 1956-இல் அதே இதழில் வெளியாயிற்று.

இவ்விடத்தில் ஹதீஸ் கலை வல்லுநர்களின் ‘ஜர்ஹு வ தஃதீல்’ என் நினைவுக்கு வருகிறது. அறிவிப்பாளர் ஒருவரைக் குறை கூறித் தள்ளுவதும் நம்பத்தக்கவர் என ஏற்பதும் அக்கலை. யஹ்யா இப்னு மயீன் இன்னாரைப் பலவீனர் என்றார், அஹ்மத் இப்னு ஹன்பல் இன்னாரை ஏற்றார் என்று தீர்ப்போடு தீர்ப்பளித்தவரின் பெயரும் இன்றுவரை நூல்களில் நிற்கிறது. சொன்னவர் தம் சொல்லுக்குத் தாமே பிணை. குறை கூறுபவர் காரணத்தை விளக்கிச் சொன்னால்தான் அதற்கு முழு மதிப்பு என்னும் விதியும் அறிஞர்களிடையே உண்டு. ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர் காரணம் சொல்கிறார், பெயர் சொல்வதில்லை. பெயர் மறைந்திருப்பதால், இளையவர் ஒருவர் மூத்தவரின் பிழையை அஞ்சாமல் சுட்ட முடிகிறது என்பார்கள். அதே மறைவில் பொறாமையும் ஒளிந்துகொள்ள முடியும். அந்தப் பெண்ணின் கேள்வி எனக்கு முற்றும் தவறாகத் தோன்றவில்லை. சில இதழ்கள் இப்போது மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிடத் தொடங்கியிருக்கின்றன என்று நண்பர் சொன்னார். அது நன்று.

வாயில் குறுகியது என்பதனால் உள்ளே நுழைந்தவை அனைத்தும் உண்மை என்று எண்ணிவிடலாகாது. 1998 பிப்ரவரியில் லான்செட் இதழ், 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் அதன் முதல் ஆசிரியர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற ஐயத்தை அது கிளப்பிற்று. மதிப்பீட்டாளர் பார்த்துத்தான் அது வெளிவந்தது. பெற்றோர் அஞ்சினர், பிரிட்டனில் தடுப்பூசி போடும் விகிதம் சரிந்தது, அடங்கியிருந்த தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. பின்னர்ப் பல நாடுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அக்குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தது பொய் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. 2004-இல் உடன் எழுதியோரில் பத்துப் பேர் அந்த விளக்கத்தினின்று விலகினர். 2010-இல்தான் இதழ் கட்டுரையை முழுவதும் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. இடையில் ஓடியவை 12 ஆண்டுகள். அந்தக் கட்டுரையின் நிழல் நம் தெருக்களிலும் விழுந்தது. தடுப்பூசி போட வந்த செவிலியரிடம் கதவைச் சாத்திய வீடுகளை நான் அறிவேன்.

1955-இல் உண்மையைத் தடுத்து நிறுத்திய வாயில் 1998-இல் பொய்யை உள்ளே விட்டது. இதழ்கள் வேறு, காலம் வேறு என்றாலும் முறை ஒன்றே. ஆனால் இரண்டிடத்திலும் பிழையைத் திருத்தியது எது என்று பாருங்கள். பிறர் அதையே மீண்டும் செய்து பார்த்ததுதான் திருத்தியது. யாலோவும் பெர்சனும் சொன்னது எங்கு செய்தாலும் நின்றது. மற்றது எங்கு செய்தாலும் நிற்கவில்லை. அச்சேறுவது தீர்ப்பன்று, வழக்கைப் பதிவு செய்வது மட்டுமே என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் சற்றுத் தெளிந்தாலும், “பதிவே செய்யாவிட்டால் வழக்கு ஏது, ஹஜ்ரத்?” என்று கேட்டுவிட்டாள். அதுவும் சரிதான்.

யாலோவும் பெர்சனும் அத்தோடு நிற்கவில்லை. எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடிக்கிறது என்றால், அந்தப் பிடியைக் கொண்டே இன்சுலினை அளக்கலாமே என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றியது. அதன் கணக்கை நம் கல்யாணப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். பந்தியில் 100 பேருக்கே இடம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் 100 பேருக்குச் சிவப்புத் தொப்பி அணிவித்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியூர் விருந்தினர் எவரும் வராவிட்டால் 100 சிவப்புத் தொப்பிகளும் அமர்ந்துவிடும். தொப்பியில்லாத விருந்தினர் 100 பேர் வந்து இவர்களோடு கலந்து முண்டினால், சிவப்புத் தொப்பியர் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இடம் கிடைக்கும். ஆகவே விருந்தினரை ஒவ்வொருவராய் எண்ணவேண்டியதில்லை. பந்தியில் அமர்ந்த சிவப்புத் தொப்பிகளை எண்ணினாலே வந்த விருந்தினர் எத்தனை என்று கணக்கிட்டுவிடலாம். எதிர்ப்பொருளே பந்தி, கதிரியக்க அடையாளமிட்ட இன்சுலினே சிவப்புத் தொப்பி, நோயாளியின் குருதியிலுள்ள இன்சுலினே அழையாமல் வந்த விருந்தினர். கதிரியக்கத்தைக் கருவி எண்ணிச் சொல்லிவிடும்.

மனிதக் குருதியிலுள்ள இன்சுலினை இம்முறையால் அளந்து காட்டிய விரிவான கட்டுரை 1960-இல் வெளியானது. வெளியிட்டது எது? அதே ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன்’! தலைப்பின் முதற்சொல்லே ‘இம்யூனோஅஸ்ஸே’, அதாவது நோயெதிர்ப்பின் வழி அளத்தல். ஐந்தாண்டுகளுக்கு முன் வெளியே நிறுத்தப்பட்ட சொல்லின் உறவினர் இப்போது முன்வாசல் வழியே வந்து அமர்ந்துகொண்டது.

இதனால் விளைந்த நன்மைகளை விரித்தால் ஏடு கொள்ளாது. நடுவயதில் சர்க்கரை நோய் கண்டவர்களின் குருதியில் இன்சுலின் குறைந்திருக்கவில்லை, தொடக்கத்தில் மிகுந்தும் இருக்கிறது என்பது முதன்முதலாக அளவோடு தெரிந்தது. இருந்தும் அது வேலை செய்யாமைக்குக் காரணம் தேடும் ஆராய்ச்சி அங்கிருந்து விரைவு பெற்றது. தானமாய்ப் பெற்ற குருதியில் மஞ்சள் காமாலைக் கிருமி உண்டா என்று பார்க்கும் சோதனைக்கு இம்முறை பயன்பட்டது. 1970-களில் கனடாவின் கியூபெக்கில், பிறந்த குழந்தையின் பாதத்தில் எடுத்த ஒரு துளிக் குருதியைக் கொண்டு தைராய்டு குறையைக் கண்டுபிடித்து, மூளை வளர்ச்சி குன்றாமல் காப்பாற்றும் ஏற்பாடு தொடங்கிற்று. இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கத்தின் இடத்தை நொதிகளும் ஒளிரும் பொருள்களும் பிடித்துவிட்டன. எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் அடிப்படை மாறவில்லை. இத்தனைக்கும் தங்கள் முறைக்கு அவர்கள் காப்புரிமை எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தார்கள்.

பெர்சன் 1972-இல் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 53. நோபல் பரிசு இறந்தோருக்கு வழங்கப்படுவதில்லை. யாலோ தனித்து நின்றார். மருத்துவரான பெர்சன்தான் மூளை, இவர் கைமட்டும் என்று பேசுவோரும் இருந்தனர். அவர் தம் ஆய்வுக்கூடத்துக்குப் பெர்சனின் பெயரைச் சூட்டினார். அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையிலும் முகவரியாக அந்தப் பெயர் இருக்கவேண்டும் என்பதே அவர் எண்ணம். 1977-இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி யாலோவுக்குக் கிடைத்தது; மறு பாதியை மூளைச் சுரப்புகளை ஆராய்ந்த கியமன், ஷாலி இருவரும் பகிர்ந்துகொண்டனர். அவர்களுடைய துறையும் யாலோவின் அளவுமுறையால் செழித்ததே. அப்பரிசு பெற்ற பெண்களில் யாலோ இரண்டாமவர்.

அந்தப் பெண் இப்போது மதிப்பீட்டாளர் கேட்ட சோதனைகளில் இரண்டைச் செய்துகொண்டிருக்கிறாள். மூன்றாவது பொருளற்றது என்கிறாள். ஏன் பொருளற்றது என்பதற்கு விளக்கம் எழுதுகிறாள். எந்த இதழுக்கு அனுப்பப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. யாலோவின் நோபல் சொற்பொழிவு எங்கே கிடைக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்டாள். நண்பரிடமிருந்து வாங்கிக் கொடுத்தேன்.

1977 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய அச்சொற்பொழிவு அச்சில் இருக்கிறது. வரைபடங்களும் அளவுக் கோடுகளும் நிறைந்த எழுத்து அது. அந்தப் படங்களுக்கிடையே ஒன்று மட்டும் வரைபடமன்று. தட்டச்சில் அடித்த ஒரு பழைய மடல். 1955 செப்டம்பர் என்று தேதியிட்டது. பெர்சன் பெயருக்கு வந்தது.